ஊர் வாங்கிய அணி

ஸ்விஃப்ட் கரண்ட் ப்ராங்கோஸ் ஐஸ் ஹாக்கி அணியைப் பற்றி கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் யாரைக் கேட்டாலும் கதையை ஒரே வரிசையில்தான் சொல்வார்கள். 1986 டிசம்பரில் பேருந்து விபத்து, நான்கு பையன்கள் போய்விட்டார்கள். 1989 மே மாதம் மெமோரியல் கப். முதலில் துக்கம், அப்புறம் கோப்பை. தொலைக்காட்சிக்காரர்களுக்கு இதைவிட வசதியான கதை கிடைக்காது.

எனக்கு இந்த வரிசையில் உடன்பாடு இல்லை. இடையில் நடந்துகொண்டிருந்த ஒன்றை விட்டுவிட்டால்தான் கதை இவ்வளவு நேராக வரும். அந்த ஒன்று வெளியே வர 1997 ஆகிவிட்டது. வந்த பிறகு விபத்தையும் சரி, கோப்பையையும் சரி, பழையபடி பார்க்க முடியவில்லை. அதனால் ஆரம்பத்திலிருந்து நிதானமாக எழுதிப் பார்க்கிறேன். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்: நான் குடியிருப்பது அதே மாகாணத்தின் தலைநகர் ரெஜைனாவில். ஊர் விசுவாசப்படி நான் கைதட்ட வேண்டியது ரெஜைனா பாட்ஸ் அணிக்கு. ப்ராங்கோஸ் எங்களுக்கு எதிரணி.

ஜூனியர் ஹாக்கி பற்றி நம் ஆட்கள் பலருக்குத் தெரியாது. இது பள்ளி அணியும் இல்லை, கல்லூரி அணியும் இல்லை. 16 வயதிலிருந்து 20 வயது வரையுள்ள பையன்கள் ஆடும் ஐஸ் ஹாக்கி லீக். கனடாவில் இதன் மேல்தட்டில் மூன்று லீக்குகள் இருக்கின்றன: ஒன்டாரியோ, கியூபெக், மேற்கு. ப்ராங்கோஸ் ஆடுவது மேற்கு லீக்கில், சுருக்கமாக டபிள்யூ.எச்.எல். மனிடோபாவில் தொடங்கி ராக்கி மலையைத் தாண்டி அமெரிக்காவின் வாஷிங்டன், ஒரிகன் மாநிலங்கள் வரை இதன் ஊர்கள் பரந்து கிடக்கின்றன. மூன்று லீக் சாம்பியன்களும் போட்டியை நடத்தும் ஊரின் அணியும் வருடக் கடைசியில் மோதுவது மெமோரியல் கப்புக்காக. முதல் உலகப் போரில் இறந்த கனடியர்களின் நினைவாக 1919-இல் தொடங்கிய கோப்பை அது.

ஒரு பையன் இதற்குள் எப்படி வருகிறான் என்பதுதான் விசேஷம். மீசை அரும்பாத வயதிலேயே டிராஃப்ட் என்ற ஆள்தேர்வில் ஏதாவது ஓர் அணி அவன் பெயரை எடுத்துவிடும். பதினாறு வயதில் மூட்டை கட்டிக்கொண்டு ஏதோ ஓர் ஊருக்குப் போவான். அங்கே அவனுக்குச் சொந்தம், பந்தம் யாரும் இருக்க மாட்டார்கள். ஊர்க்காரர் ஒருவர் தன் வீட்டில் ஓர் அறையைக் கொடுத்து, சாப்பாடு போட்டு வைத்துக்கொள்வார். பில்லட் குடும்பம் என்பார்கள். பையன் உள்ளூர்ப் பள்ளியில் சேர்ந்து படிப்பான். சம்பளம் என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. கைச்செலவுக்குக் கொஞ்சம், பிற்பாடு கல்லூரிக்குப் போனால் உதவித்தொகை. நடுவில் அணி அவனை வேறு அணிக்கு மாற்றிக் கொடுத்துவிட்டால், வீடு, பள்ளிக்கூடம், சிநேகிதர்கள் எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் பேருந்து ஏறுவான்.

என்னோடு வேலை பார்க்கும் ஒரு பெண்மணி ஸ்விஃப்ட் கரண்டில் வளர்ந்தவர். அவர் வீட்டிலும் வரிசையாகப் பையன்கள் இருந்திருக்கிறார்கள். "நாலு லிட்டர் பால் ரெண்டு நாள் தாங்காது. அம்மா வாரத்துக்கு ரெண்டு தடவை கடைக்குப் போவாங்க" என்று சொல்லிச் சிரிப்பார். அதில் ஒருவர் கல்யாணப் பத்திரிகை அனுப்பினாராம், குடும்பமே அல்பர்ட்டா வரை போய்விட்டு வந்ததாம். எனக்கு இந்த ஏற்பாட்டைப் பற்றி முதலில் கேட்டபோது வந்த நினைப்பு, நம் வீட்டில் ஒப்புக்கொள்வார்களா என்பதுதான். பத்தாம் வகுப்புப் பையனை முன்பின் தெரியாத ஊரில், தெரியாத வீட்டில், ஒரு பயிற்சியாளரை நம்பி விடுவது. இங்கே அதைப் பெருமையாகச் செய்கிறார்கள். அந்த நம்பிக்கையின் மேல்தான் லீக் மொத்தமும் நிற்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, ஊருக்கு வருவோம். ஸ்விஃப்ட் கரண்ட் சஸ்காச்சுவானின் தென்மேற்கில், டிரான்ஸ் கனடா நெடுஞ்சாலையில், ரெஜைனாவிலிருந்து கிட்டத்தட்ட 245 கிலோமீட்டர். கோதுமை, எண்ணெய்க் கிணறு, மாடு, ரயில் பாதை. மக்கள்தொகை 16 ஆயிரம் சொச்சம். லீக்கிலேயே மிகச் சிறிய ஊர் இதுதான். அதோடு ஒப்பிட்டால் கால்கரி, எட்மண்டன், வான்கூவர் எல்லாம் வேறு கிரகம். அரங்கம் 1967-இல் திறந்தது; அந்த வருடம் கனடாவுக்கு நூறு வயது ஆனதால் ஊர் ஊராக நூற்றாண்டுக் கட்டடங்கள் எழுந்தன, இதுவும் அவற்றில் ஒன்று. மூவாயிரம் பேர்கூட உட்கார முடியாது. ஆனால் ஆட்ட நாளில் போய்ப் பார்த்தால், ஊர் மக்களில் ஆறில் ஒருவர் உள்ளே இருப்பது போன்ற கணக்கு வரும்.

அரங்கம் திறந்த அதே 1967-இல்தான் ப்ராங்கோஸ் அணியும் பிறந்தது. முந்தைய வருடம் தொடங்கியிருந்த மேற்கு லீக்கில் சேர்ந்தது. முதல் ஏழு வருடங்களில் கோப்பை எதுவும் இல்லை, ஆனால் ஆட்டக்காரர்கள் வந்தார்கள். டைகர் வில்லியம்ஸ் இங்கே ஆடினார், வட அமெரிக்காவின் உச்சத் தொழில்முறை லீக்கான என்.எச்.எல். வரலாற்றிலேயே, விதி மீறியதற்காக அதிக நிமிடங்கள் தண்டனைப் பெட்டியில் உட்கார்ந்தவர் என்ற சாதனை இன்றும் அவருடையது. பிரையன் டிராட்டியே இங்கே ஆடினார். அவருடைய சொந்த ஊர் வால் மேரி, ஸ்விஃப்ட் கரண்டுக்குத் தெற்கே அமெரிக்க எல்லைக்குப் பக்கத்தில் உள்ள குக்கிராமம். வீட்டு நினைப்பு தாங்காமல் ஹாக்கியே வேண்டாம் என்று டிராட்டியே ஊருக்குத் திரும்பிவிட, வில்லியம்ஸ்தான் பேசி மறுபடி அழைத்து வந்தார் என்பது இந்த அணியின் பழங்கதைகளில் பிரபலம். என்.எச்.எல். சாம்பியனுக்குக் கொடுக்கும் ஸ்டான்லி கப்பை ஆட்டக்காரராக மட்டும் ஆறு முறை ஜெயித்தார் டிராட்டியே. வில்லியம்ஸ் செய்த நல்ல காரியங்களில் இதையும் எழுதிக்கொள்ள வேண்டும், மற்றவை பெரும்பாலும் முஷ்டியால் செய்தவை.

சின்ன ஊர், சின்ன அரங்கம், வருமானம் போதவில்லை. 1974-இல் அணியை அல்பர்ட்டாவின் லெத்பிரிட்ஜுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பெயரைக்கூட விட்டுவைக்கவில்லை, லெத்பிரிட்ஜ் ப்ராங்கோஸ் ஆனது. அங்கே அணி பிரமாதமாக ஆடியது. என்.எச்.எல்.லுக்குப் போன சட்டர் சகோதரர்கள் ஆறு பேரும் லெத்பிரிட்ஜ் ப்ராங்கோஸில் ஆடியவர்கள். 1983-இல் லீக் சாம்பியன். ஸ்விஃப்ட் கரண்ட்காரர்கள் அந்தப் பன்னிரண்டு வருடமும் ஒரு படி கீழே உள்ள மாகாண லீக்கில் தங்கள் ஊர் அணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

1986-இல் லெத்பிரிட்ஜில் அணி விலைக்கு வந்தது. ஸ்விஃப்ட் கரண்ட் வாங்கியது. ஒரு பணக்காரர் வாங்கினார் என்று நினைக்க வேண்டாம், ஊர்க்காரர்கள் சேர்ந்து பணம் போட்டு வாங்கினார்கள். இன்று வரை அணிக்குத் தனி முதலாளி கிடையாது. வருடா வருடம் பொதுக்கூட்டம், லாப நட்டக் கணக்கு, இயக்குநர் தேர்தல் எல்லாம் உண்டு. இதே மாகாணத்தின் மூஸ் ஜா, பிரின்ஸ் ஆல்பர்ட் அணிகளும் இதே மாதிரி ஊர்ச் சொத்துதான். சஸ்காச்சுவான் விவசாயிகள் கூட்டுறவுக்குப் பேர்போனவர்கள். கோதுமையை விற்கக் கூட்டுறவு வைத்த மாதிரி ஹாக்கிக்கும் வைத்துக்கொண்டார்கள். இது நல்ல ஏற்பாடு என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் முதலாளி இல்லாத இடத்தில் ஊர் யாரைக் கையெடுத்துக் கும்பிடும்? ஜெயித்துக் கொடுக்கிறவரை. அப்படி ஒருவரைத்தான் பயிற்சியாளராகவும் பொது மேலாளராகவும் நியமித்தார்கள். கிரஹாம் ஜேம்ஸ். மனிடோபாவில் பையன்களுக்குப் பயிற்சி கொடுத்தவர், மூஸ் ஜா அணியில் இருந்துவிட்டு வந்தவர். அடிதடி ஹாக்கி அவருக்குப் பிடிக்காது; வேகம், திறமை என்று பேசுவார். படித்தவர் மாதிரி பேசுவார் என்று ஊரே மெச்சியது.

1986 டிசம்பர் 30. அணி திரும்பி வந்து ஆடத் தொடங்கி நான்கு மாதம்கூட ஆகவில்லை. அன்றிரவு ரெஜைனாவில் பாட்ஸ் அணியோடு ஆட்டம். பேருந்து ஊரை விட்டுக் கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே, ஊருக்குக் கிழக்கே ரயில் மேம்பாலம் உள்ள இடத்தில், சாலையில் படிந்திருந்த மெல்லிய பனிக்கட்டியில் சறுக்கியது. இதற்குக் கருப்புப் பனி என்று பெயர். கருப்பாக ஒன்றும் இருக்காது. கண்ணாடி மாதிரி இருப்பதால் கீழே உள்ள தார் நிறம் தெரியும், ஓட்டுகிறவருக்கு ஈரச் சாலை என்றுதான் தோன்றும். மேம்பாலத்தின் அடியில் காற்று போவதால் மற்ற இடத்தைவிட அங்கே சீக்கிரம் உறையும். பேருந்து சாலையை விட்டு இறங்கி, பள்ளத்தில் பாய்ந்து, குறுக்கே இருந்த கிளைச்சாலை மேட்டில் மோதித் தூக்கி எறியப்பட்டு, பக்கவாட்டில் விழுந்தது.

பின்பக்கத்தில் சீட்டாடிக்கொண்டிருந்த நான்கு பேர் இறந்தார்கள். டிரென்ட் க்ரெஸ், வயது 20, கிண்டர்ஸ்லி ஊர்க்காரர். ஸ்காட் க்ரூகர், 19, ஸ்விஃப்ட் கரண்டிலேயே பிறந்து வளர்ந்தவர். கிறிஸ் மாண்டிகா, 19, சஸ்கட்டூன். பிரென்ட் ரஃப், 16, அல்பர்ட்டாவின் வார்பர்க். ரஃபின் அண்ணன் லிண்டி அப்போது என்.எச்.எல்.லில் பஃபலோ அணிக்கு ஆடிக்கொண்டிருந்தார். பிற்பாடு அதே அணிக்குப் பயிற்சியாளராகப் பல வருடம் இருந்தவர்.

க்ரெஸும் க்ரூகரும் முந்தைய வருடம் அந்த மாகாண லீக் அணியில் ஆடியவர்கள். அதாவது பெரிய அணி ஊரில் இல்லாத காலத்திலேயே ஊருக்குத் தெரிந்த முகங்கள். அஞ்சலிக் கூட்டத்தை அந்த ஹாக்கி அரங்கத்திலேயேதான் வைத்தார்கள். ஊரில் அவ்வளவு பேருக்கு வேறு இடம் இல்லை.

இந்த இடத்தில்தான் நின்று பார்க்க வேண்டும். சாவைப் பக்கத்தில் பார்த்த இருபது சொச்சம் பையன்கள், பாதிப் பேர் பள்ளி மாணவர்கள். அவர்களோடு உட்கார்ந்து பேச வெளியிலிருந்து மனநல ஆலோசகர்கள் வரட்டுமா என்று பேச்சு வந்தது. ஜேம்ஸ் வேண்டாம் என்றார். நம் துக்கத்தை நாமே பார்த்துக்கொள்வோம் என்பது அவர் நிலை. ஊருக்கு அது கம்பீரமாகப் பட்டது. ஜனவரியிலேயே அணி மறுபடி பனியில் இறங்கியது, அந்த வருடம் பட்டத்துக்கான பிளே-ஆஃப் சுற்றுக்கும் போனது. பத்திரிகைகள் அவரைப் புகழ்ந்தன. ஆலோசகர்களை அவர் ஏன் உள்ளே விடவில்லை என்பதற்கு உயிர்தப்பிய பையன்கள் வளர்ந்த பிறகு சொன்ன விளக்கம் வேறு. ஒரு பையன் மனம் திறந்து பேச ஆரம்பித்தால் விபத்தோடு நிறுத்த மாட்டான் என்று அவர் பயந்தார் என்கிறார்கள்.

அந்த அணியில் ஜோ சாகிக் என்று 17 வயதுப் பையன் இருந்தான். குரோயேஷியாவிலிருந்து குடியேறிய தாய் தந்தைக்கு வான்கூவர் பக்கம் பர்னபியில் பிறந்தவன். அதிகம் பேச மாட்டான். அந்த முதல் வருடம் 133 புள்ளி, அடுத்த வருடம் 78 கோலும் 82 அசிஸ்டும் (மற்றவர் கோலுக்குக் கொடுத்த உதவி) சேர்த்து 160. இவ்வளவு அமைதியாக இவ்வளவு கோல் அடிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமை வரும். பிறகு கொலராடோ அணிக்கு கேப்டனாக இரண்டு ஸ்டான்லி கப், நிர்வாகியாக 2022-இல் இன்னொன்று. டபிள்யூ.எச்.எல். தன் சிறந்த ஆட்டக்காரர் விருதுக்கு அந்த நான்கு பையன்கள் நினைவாகப் பெயர் வைத்தது, ஃபோர் ப்ராங்கோஸ் மெமோரியல் டிராஃபி. 1988-இல் சாகிக் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர். கூடவே பேருந்தில் இருந்தவனின் கையில் அந்த நால்வர் பெயர் போட்ட கோப்பை.

சாகிக் போன பிறகுதான் அணி உச்சத்துக்குப் போனது. 1988-89 பருவத்தில் 72 ஆட்டங்களில் 55 வெற்றி. எதிரணிக்காரன் ஒருவன் தண்டனை வாங்கி வெளியே உட்கார்ந்தால் போதும், ஐந்துக்கு நான்கு என்ற அந்த இரண்டு நிமிடத்தில் ப்ராங்கோஸ் கோல் போட்டுவிடும். பவர் ப்ளே எனப்படும் அந்த நேரங்களில் மட்டும் அந்தப் பருவத்தில் 180 கோல். எப்படி என்றால், அடிதடிக்காக ஆள் வைத்திருந்த காலத்தில் இவர்கள் பக் எனப்படும் ரப்பர் வட்டைக் கையாளத் தெரிந்தவர்களாகச் சேர்த்து வைத்திருந்தார்கள். கோபத்தில் யார் இவர்களை அடித்தாலும் தண்டனை, தண்டனைக்கு விலை கோல். பிளே-ஆஃபில் தோற்கவே இல்லை, பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. இறந்துபோன ஸ்காட் க்ரூகரின் தம்பிகள் டாரனும் டிரெவரும் அந்த அணியில் இருந்தார்கள், டிரெவர் கோல் காக்கும் கோலி. மெமோரியல் கப் அந்த வருடம் சஸ்கட்டூனில். இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றதும் அந்த ஊரின் சஸ்கட்டூன் பிளேட்ஸ். மூன்றுக்கு மூன்று, ஓவர்டைம். டிம் டிஸ்டேல் கோல் அடித்தார். 4-3. சஸ்காச்சுவானின் பெரிய நகரத்தை அதன் சொந்த அரங்கத்திலேயே சின்ன ஊர் ஜெயித்துவிட்டது.

அந்த வருடம் ஒரு பிரபல ஹாக்கிப் பத்திரிகை ஜேம்ஸை ஆண்டின் மனிதர் என்று தேர்ந்தெடுத்தது.

அதே அணியில் ஷெல்டன் கென்னடி என்பவர் ஆடினார். மனிடோபாவின் எல்கார்ன் என்ற சிறிய ஊரின் பண்ணைவீட்டுப் பையன். விபத்தில் உயிர்தப்பியவர், 1989 கோப்பையைத் தூக்கியவர், பிறகு டெட்ராய்ட், கால்கரி, பாஸ்டன் என்று என்.எச்.எல்.லில் ஆடினார். வெளியிலிருந்து பார்த்தால் ஜெயித்த வாழ்க்கை. குடி, போதை, நிலைகொள்ளாமை என்று உள்ளே வேறாக இருந்தது. 1996-இல் அவர் போலீசிடம் போனார். தான் பதினான்கு வயதுப் பையனாக இருந்த காலத்திலிருந்து பல வருடங்களாக ஜேம்ஸ் தன்னைப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கியதைச் சொன்னார். ஜேம்ஸ் 1997 ஜனவரியில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். கென்னடியும் பெயர் வெளியிடாத இன்னொரு ஆட்டக்காரரும் தொடர்பான வழக்கு. மூன்றரை வருடத் தண்டனை. கென்னடி தன் பெயரை மறைக்காமல் வெளியே வந்து பேசினார். ஆடிக்கொண்டிருக்கும் ஒரு என்.எச்.எல். வீரர் இப்படிப் பேசியது அந்த நாட்களில் யாரும் எதிர்பார்க்காதது.

பயிற்சியாளருக்கு ஒரு பையன் மேல் எவ்வளவு அதிகாரம் இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். எந்த ஊருக்குப் போவான், யார் வீட்டில் தங்குவான், எத்தனை நிமிடம் ஆடுவான், என்.எச்.எல். ஆட்கள் கேட்டால் அவனைப் பற்றி என்ன சொல்லப்படும், எல்லாம் ஒரே ஆள் கையில். அப்பா அம்மா நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால். புகார் சொன்னால் கனவு முடிந்தது. இது ஒரு கெட்டவன் தற்செயலாக உள்ளே நுழைந்த கதை என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பால் வாங்கிக் கொடுத்த அந்த அம்மாவின் நம்பிக்கையும், மூட்டை கட்டி அனுப்பிய பெற்றோரின் நம்பிக்கையும் எந்தக் கதவைத் திறந்து வைத்தனவோ அந்தக் கதவு வழியாகத்தான் அவன் வந்தான். கதவுக்குக் காவல் என்று லீக் யாரையும் போடவில்லை.

பிறகு நடந்தவை வேகமாக: ஜேம்ஸ் சிறையிலிருந்து வந்து ஸ்பெயினில் ஹாக்கி பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தது தெரியவந்தது. 2007-இல் கனடா அரசு அவருக்குக் குற்ற மன்னிப்பு வழங்கியிருந்தது 2010-இல் வெளியாகி நாடே கொதித்தது. சிறுவர்கள் மீதான பாலியல் குற்றங்களுக்கு அப்படி மன்னிப்புக் கிடைக்காதபடி சட்டத்தை மாற்றினார்கள். 2009-இல் தியோ ஃப்ளூரி தன் கதையை எழுதினார், என்.எச்.எல். நட்சத்திரம், மூஸ் ஜாவில் ஜேம்ஸிடம் ஆடியவர். அவரும் அவருடைய உறவினர் டாட் ஹோல்ட்டும் தொடர்பான வழக்கில் 2012-இல் இரண்டு வருடத் தண்டனை, மேல்முறையீட்டில் அது ஐந்தானது. ஹோல்ட் ப்ராங்கோஸ் அணியில் ஆடியவர். 2015-இல் ப்ராங்கோஸின் இன்னொரு முன்னாள் ஆட்டக்காரர் தொடர்பாக மேலும் இரண்டு வருடம். அந்தத் தீர்ப்பு வந்தது ஸ்விஃப்ட் கரண்ட் நீதிமன்றத்திலேயே.

கென்னடி சும்மா இருக்கவில்லை. 1998-இல் சக்கரக் காலணி மாட்டிக்கொண்டு நாட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போய் நிதி திரட்டினார். பிறகு ஒரு நண்பரோடு சேர்ந்து பயிற்சி நிறுவனம் தொடங்கினார். அவர்களுடைய ரெஸ்பெக்ட் இன் ஸ்போர்ட் என்ற இணையவழிப் பாடத்தை முடிக்காமல் கனடாவின் பெரும்பாலான இடங்களில் யாரும் சிறுவர் ஹாக்கிப் பயிற்சியாளராக முடியாது. பெற்றோருக்கும் தனிப்பாடம் இருக்கிறது. என் மகளை ஹாக்கியில் சேர்த்தபோது நானும் மடிக்கணினி முன்னால் உட்கார்ந்து முடித்தேன். பெஞ்சுக்குப் பின்னாலிருந்து கத்தக் கூடாது, தோற்றுவிட்டு வரும் குழந்தையைக் காரில் விசாரணை செய்யக் கூடாது என்கிற ரீதியில் போகும். கொஞ்சம் அசட்டுத்தனமாகக்கூட இருக்கும். இதை யார், எதனால் உருவாக்கினார் என்று தெரிந்த பிறகு நான் மனைவியையும் உட்காரவைத்துப் பார்க்கச் சொன்னேன். ஒரு வீட்டுக்கு ஒருவர் முடித்தால் போதும் என்பதுதான் விதி. அவள் பார்த்துவிட்டு, "அப்படின்னா கோச்சோட தனியா ஒரு அறையில விடக் கூடாதுன்னு மட்டும் ஏன் பெரிய எழுத்துல போடல?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி.

ப்ராங்கோஸின் கோப்பைக் கணக்குக்கு வருகிறேன். ஸ்விஃப்ட் கரண்டுக்கு மூன்று லீக் பட்டங்கள்: 1989, 1993, 2018. முதல் இரண்டும் ஜேம்ஸ் பயிற்சியாளராக இருந்தபோது வந்தவை. 1994-இல்தான் அவர் கிளம்பினார். அந்தப் பட்டங்களை என்ன செய்வது? அழித்துவிட வேண்டும் என்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. ஆடியது பையன்கள். டிஸ்டேல் அடித்த கோலை டிஸ்டேலிடமிருந்து பிடுங்கினால் ஜேம்ஸுக்கு என்ன நஷ்டம்? ஆனால் ஊரே தேறியதற்கு அத்தாட்சியாக அந்தக் கோப்பையைக் காட்டும்போது எனக்கு நெருடுகிறது. கோப்பையைத் தூக்கிய அன்றும் அந்த அறையில் தேறாதவர்கள் இருந்தார்கள். பின்னாளில் அவர்களைத் தேற்றியதும் ஊரோ லீக்கோ அல்ல, அவர்களே. கென்னடியைச் சொன்னேன். பேருந்தில் இருந்த பீட்டர் சோபர்லக் விபத்துக்குச் சற்று முன்புதான் கேம்லூப்ஸிலிருந்து இந்த அணிக்கு மாற்றப்பட்டவர். பின்னாளில் அதே கேம்லூப்ஸில் கல்லூரி ஆசிரியரானார், விளையாட்டு உளவியல் அவர் துறை. அதே பேருந்தில் இருந்த பாப் வில்கி இளம் ஆட்டக்காரர்களின் மனநலத்துக்காக வேலை செய்கிறார். தங்களுக்கு யார் வரவில்லையோ அவர்களாகவே ஆகிவிட்டார்கள்.

அது வீண்போகவில்லை என்பதற்கு 2018 ஏப்ரல் 6 சாட்சி. அன்று இதே மாகாணத்தில், இதே பெயர் கொண்ட ஹம்போல்ட் ப்ராங்கோஸ் அணியின் பேருந்தும் லாரியும் ஒரு கிராமத்துச் சந்திப்பில் மோதின. 16 பேர் இறந்தார்கள், 13 பேருக்குக் காயம். 1986-இல் உயிர்தப்பியவர்கள் சிலர் ஹம்போல்ட்டுக்குப் போனார்கள். கென்னடி, வில்கி எல்லோரும். ஆலோசகர்களை உள்ளே விடுங்கள், பையன்களைப் பேச விடுங்கள் என்று அவர்கள் சொன்னதற்கு வேறு யார் சொல்லியிருந்தாலும் கிடைக்காத மரியாதை கிடைத்தது. 2020 செப்டம்பரிலிருந்து கனடாவில் தயாராகும் பெரிய பேருந்துகளில் சீட் பெல்ட் கட்டாயம். அந்த விதி ஹம்போல்ட்டுக்கு முன்பே வரைவில் இருந்தது. விபத்துக்குப் பிறகு அதைத் தள்ளிப்போட யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

ஹம்போல்ட் நடந்தபோது ஸ்விஃப்ட் கரண்ட் பிளே-ஆஃபில் ஆடிக்கொண்டிருந்தது. அந்த வருடம் ஊர் சூதாட்டக்காரன் மாதிரி இறங்கியிருந்தது. ஜனவரியில் இளம் ஆட்டக்காரர்களையும் வருங்கால டிராஃப்ட் உரிமைகளையும் அள்ளிக் கொடுத்து லெத்பிரிட்ஜிலிருந்து கோலி ஸ்டூவர்ட் ஸ்கின்னரை வாங்கினார்கள். ஆமாம், அதே லெத்பிரிட்ஜ். 1987-இல் அந்த ஊர் வேறோர் அணியைப் பிடித்துக்கொண்டது. முன்வரிசையில் கேப்டன் கிளென் காடின். கூடவே டைலர் ஸ்டீன்பெர்கன், சில நாள் முன்புதான் உலக ஜூனியர் சாம்பியன்ஷிப் இறுதியில் ஸ்வீடனுக்கு எதிராகக் கனடாவின் வெற்றிக் கோலை அடித்தவர். முதல் சுற்றில் எங்கள் ரெஜைனாவை ஏழு ஆட்டத்தில் வெளியே அனுப்பினார்கள். அப்புறம் மூஸ் ஜா, அதுவும் ஏழு. அப்புறம் லெத்பிரிட்ஜ், அவர்கள் விற்ற கோலியை வைத்தே. கடைசியில் எவரெட் அணியை ஆறாவது ஆட்டத்தில் முடித்து, 25 வருடத்துக்குப் பிறகு பட்டம். தயங்காமல் சந்தோஷப்பட அந்த ஊருக்குக் கிடைத்த முதல் பட்டம் அதுதான். பயிற்சியாளர் மேனி விவேரோஸ். இதை எழுதும்போது எதிரணி ஊர்க்காரனான எனக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது, ரெஜைனா ஏழாவது ஆட்டத்தை மட்டும் மறந்துவிட்டால்.

மெமோரியல் கப் அந்த வருடம் ரெஜைனாவில். ப்ராங்கோஸ் ஆடிய மூன்று ஆட்டத்திலும் தோற்றது. இருபத்தாறு பிளே-ஆஃப் ஆட்டம் ஆடிக் களைத்துப் போயிருந்தார்கள்.

அடுத்த வருடம் கடன்காரன் வந்துவிட்டான். நல்ல ஆட்டக்காரர்கள் எல்லாம் வயது கடந்து போய்விட்டார்கள், வருங்காலத்தை ஏற்கெனவே விற்றாயிற்று. 68 ஆட்டங்களில் 11 வெற்றி. பெரிய நகரத்து அணி என்றால் முதலாளி சட்டைப்பையில் கைவிடுவார். இங்கே பொதுக்கூட்டத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு கணக்கு வாசிக்க வேண்டும். இப்போது புதிதாக ஒரு தலைவலி. 2025-லிருந்து அமெரிக்கக் கல்லூரிகள் ஜூனியர் லீக்கில் ஆடியவர்களைச் சேர்த்துக்கொள்கின்றன. அதனால் இதுவரை இந்தப் பக்கம் வராத பையன்கள் வருவார்கள், பத்தொன்பது வயதில் நல்லவர்கள் கல்லூரிக்குப் போயும்விடுவார்கள். சின்ன ஊருக்கு இது லாபமா நஷ்டமா என்று அலுவலகத்தில் அந்தப் பெண்மணியும் நானும் சாப்பாட்டு நேரத்தில் சண்டை போட்டுக்கொள்கிறோம். நஷ்டம் என்பது அவர் கட்சி. பில்லட் வைக்கவே ஆள் குறைந்துவிட்டது என்கிறார். அவருடைய தங்கை மட்டும் இன்னும் ஒரு பையனை வைத்திருக்கிறாராம்.

பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு: டிக்கெட் பெரும்பாலும் சுலபமாகக் கிடைக்கும், மூஸ் ஜாவோடு ஆட்டம் என்றால் மட்டும் முன்பே வாங்கிவிடுங்கள். உள்ளே நம் ஆட்களுக்குக் குளிரும், கம்பளி கொண்டுபோங்கள். ரெஜைனாவிலிருந்து போகிறவர்கள் ஜனவரியில் போவதானால் மதிய ஆட்டமாகப் பார்த்துப் போங்கள். ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும், அந்தச் சாலையில் கொஞ்ச தூரமாவது வெளிச்சத்தில் திரும்புவது நல்லது.